பேரரசர் பின்பக்கம் நகர்ந்த பொற்காசு: இரண்டாம் ஜஸ்டினியனின் சொலிடஸ்

பழங்காசு ஏலங்களைப் பற்றிய செய்திகளில் சிறிய பொற்காசு ஒன்றின் படம் அவ்வப்போது இடம்பெறுகிறது. அதன் ஒரு பக்கத்தில் நீண்ட முடியும் அடர்ந்த தாடியுமாகக் கிறிஸ்துவின் முகம். மறு பக்கத்தில் கையில் சிலுவையுடன் நிற்கும் ஓர் அரசர். ‘கிறிஸ்துவின் உருவம் பொறித்த முதல் காசு’, ‘ஜஸ்டினியன் வெளியிட்டது’, ‘பைசாந்தியக் காசு’ என்று மூன்று விவரங்கள் படத்தோடு சேர்ந்து வருகின்றன. மூன்றுமே அரைகுறையாகத்தான் சரி. அவற்றைத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே இந்தக் காசு எதற்காக இப்படி அடிக்கப்பட்டது, அதனால் என்னவெல்லாம் நேர்ந்தன என்பதைப் புரிந்துகொள்ள முடியும்.

முதலில் தெளிய வேண்டிய மூன்று செய்திகள்

1. இந்த ஜஸ்டினியன், ஹாகியா சோஃபியா பேராலயத்தைக் கட்டியவரும் ரோமச் சட்டங்களைத் தொகுக்கச் செய்தவருமான முதலாம் ஜஸ்டினியன் அல்லர். அவருடைய ஆட்சி 527 முதல் 565 வரை நடந்தது. காசை வெளியிட்டவர் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பின்னால் வந்த இரண்டாம் ஜஸ்டினியன். இவர் 685 முதல் 695 வரை ஒரு முறையும், 705 முதல் 711 வரை மறுமுறையும் ஆண்டார்.

2. ‘பைசாந்தியம்’ என்பது பிற்கால அறிஞர்கள் இட்ட பெயர். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட அந்த அரசர்களும் அவர்களுடைய குடிமக்களும் தங்களை ரோமர் என்றே அழைத்துக்கொண்டார்கள். பேச்சு மொழி கிரேக்கமாக மாறிய பிறகும் காசில் இலத்தீன் எழுத்து நீடித்ததற்கு இந்த உரிமை கோரலே காரணம்.

3. கிறிஸ்துவின் உருவம் இதற்கு முன்பும் பொற்காசில் வந்திருக்கிறது. 450-இல் பேரரசர் மார்சியனும் புல்கேரியாவும் மணந்தபோதும், 491-இல் அனஸ்தாசியஸும் அரியாத்னேயும் மணந்தபோதும் வெளியான திருமணக் காசுகளின் பின்புறத்தில், மணமக்கள் இருவருக்கும் நடுவே வாழ்த்தி நிற்கும் சிறு உருவமாகக் கிறிஸ்து இருக்கிறார். அவை ஒரு நிகழ்ச்சிக்காக மிகக் குறைவாக அடிக்கப்பட்டவை. அன்றாடப் புழக்கத்துக்கான காசில், அதுவும் முகப்புப் பக்கத்தில், கிறிஸ்துவின் முகம் தனியாக இடம்பெற்றது இரண்டாம் ஜஸ்டினியனின் காலத்தில்தான் முதல் முறை.

சொலிடஸ்: எடையும் மாற்றும்

காசின் பெயர் சொலிடஸ். இலத்தீனில் ‘திண்மையானது’ என்று பொருள். கிரேக்கத்தில் நோமிஸ்மா என்றார்கள். 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன் இதை அறிமுகப்படுத்தினார். ஒரு ரோமப் பவுண்டு பொன்னிலிருந்து 72 காசுகள் அடிக்க வேண்டும் என்பது விதி. அதன்படி ஒரு காசு ஏறத்தாழ 4.5 கிராம், நம் கணக்கில் அரைப் பவுனைவிடச் சற்றுக் கூடுதல். பொன் ஏறக்குறையக் கலப்பற்றது.

ஒரு சொலிடஸை 24 சிறு அலகுகளாகப் பிரித்து எண்ணினார்கள். அந்த அலகு கரோப் மரத்து விதையின் எடை. நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியைப் படிக்கல்லாக வைத்தது போல மத்தியதரைக் கடல் நாடுகளில் இந்த விதை பயன்பட்டது. இன்று நகைக்கடையில் நாம் கேட்கும் 22 காரட், 24 காரட் என்ற கணக்கில் அந்த விதையின் பெயரும் சொலிடஸின் 24 பங்குகளும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

காசின் பின்புறத்தில் அடியில் ‘கோனோப்’ என்று ஒலிக்கும் சில எழுத்துகள் இருக்கும். முன்பாதி கான்ஸ்டான்டிநோபிளைக் குறிக்கிறது. பின்பாதி ‘புடம் போட்ட பொன்’ என்று பொருள்படும் சொல்லின் சுருக்கம். பொன்னின் தூய்மைக்கு, வாங்குபவரிடம் அரசு தரும் உறுதி அது.

இந்த உறுதி கடல் கடந்தும் மதிக்கப்பட்டது. 6-ஆம் நூற்றாண்டு வணிகர் கோஸ்மாஸ் எழுதிவைத்த கதை ஒன்று இலங்கையில் நடக்கிறது. சோபத்ரோஸ் என்ற ரோம வணிகரும் ஒரு பாரசீகரும் இலங்கை அரசர் முன் நிற்கிறார்கள். உங்கள் இருவருடைய மன்னர்களில் யார் பெரியவர் என்று அரசர் கேட்க, பாரசீகர் தம் மன்னரைப் புகழ்ந்து பேசுகிறார். சோபத்ரோஸோ, இரு மன்னர்களும் இங்கேயே இருக்கிறார்களே, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ரோமரின் பொற்காசையும் பாரசீகரின் வெள்ளிக் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார். அரசர் ரோமர் பக்கம் தீர்ப்பளித்து, சோபத்ரோஸை யானைமீது ஏற்றி முரசு முழங்க ஊர்வலம் விடுகிறார். கதையில் புனைவு கலந்திருக்கலாம். ஆனால் காசுதான் மன்னர் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பேசுவது கவனிக்கத்தக்கது.

தலைப்பக்கம் யாருக்குரியது

பூவா தலையா என்று காசைச் சுண்டும்போது ‘தலை’ என்று நாம் சொல்வது ஆள்பவரின் தலையைத்தான். முதல் பேரரசர் அகஸ்டஸின் காலத்திலிருந்து ரோமப் பொற்காசின் முகப்பு பேரரசருக்கு உரியது. இதை வெறும் வழக்கமாக அவர்கள் கருதவில்லை. பொன்னில் தம் முகத்தைப் பொறிக்கும் உரிமை ரோமப் பேரரசருக்கு மட்டுமே உண்டு, பாரசீக மன்னருக்குக்கூட அது கிடையாது என்று 6-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியஸ் எழுதுகிறார். பிராங்கு இன அரசர்கள் தம் உருவத்தைப் பொன்னில் பொறிக்கத் துணிந்ததைக் குறைகூறும் இடத்தில் அவர் இதைச் சொல்கிறார்.

காசில் சமயத்துக்கு இடம் இருந்தது. ஆனால் அது பின்புறத்தில் இருந்தது. 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாம் திபேரியஸ், படிக்கட்டின் மேல் நிற்கும் சிலுவையைச் சொலிடஸின் பின்புறத்தில் பொறித்தார். கிறிஸ்து சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதாக் குன்றை அந்தப் படிகள் நினைவூட்டின. அடுத்த நூற்றாண்டில் அதுவே சொலிடஸின் வழக்கமான பின்புறமாக நிலைத்தது. இரண்டாம் ஜஸ்டினியனும் ஆட்சிக்கு வந்தபோது இதே முறையில்தான் காசு அடித்தார்: முன்னால் தம் முகம், பின்னால் படிமேல் சிலுவை. 16 வயதில் அரியணை ஏறியவர் என்பதால் முதல் காசுகளில் தாடி இல்லை. சில ஆண்டுகளில் தாடி வந்துவிடுகிறது. 692-ஐ ஒட்டித்தான் எல்லாம் மாறுகிறது.

புதிய காசில் இருப்பது என்ன

முகப்பில் கிறிஸ்துவின் மார்பளவு உருவம். தலைக்குப் பின்னால் சிலுவையின் கரங்கள் நீண்டு தெரிகின்றன. நடுவகிடு எடுத்துத் தோளில் விழும் முடி, நிறைந்த தாடி, வாழ்த்தும் நிலையில் வலக்கை, இடக்கையில் நற்செய்தி நூல். சுற்றிலும் ‘இயேசு கிறிஸ்து, அரசாள்வோரின் அரசர்’ என்ற பொருளில் ‘ரெக்ஸ் ரெக்னாந்தியும்’ என்னும் தொடர்.

மறுபக்கத்தில் பேரரசர். முன்பு பெரிதாக இருந்த முகம் போய், இப்போது முழு உருவமாக நிற்பதால் முகம் மிகச் சிறிதாகிவிட்டது. படிமேல் நின்ற சிலுவையை இப்போது அவரே கையில் பிடித்திருக்கிறார். உடலில் மணிகள் பதித்த நீண்ட பட்டை ஆடை சுற்றியிருக்கிறது. ‘லோரோஸ்’ எனப்படும் இந்த ஆடை, கான்சல்கள் எனப்பட்ட பழைய ரோம ஆட்சித்தலைவர்கள் அணிந்த விழா ஆடையிலிருந்து வளர்ந்தது. கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாளான ஈஸ்டரன்று பேரரசர் இதை அணிந்ததையும், இது கிறிஸ்துவின் உடலைச் சுற்றிய துணியைக் குறித்ததையும் 10-ஆம் நூற்றாண்டு அரண்மனைச் சடங்கு நூல் விளக்குகிறது. உருவத்தைச் சுற்றியுள்ள எழுத்து ‘ஜஸ்டினியன், கிறிஸ்துவின் அடியான்’ என்கிறது.

இரு பக்கங்களையும் சேர்த்து வாசித்தால்தான் காசின் வாதம் விளங்கும். முன்பக்கம் அரசர்களுக்கெல்லாம் அரசர். பின்பக்கம் அவருடைய அடியான். பணிவு போலத் தெரியும் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய உரிமையும் அடங்கியிருக்கிறது. விண்ணரசரின் நேரடி ஊழியர் என்று ஒருவர் தம்மை அறிவித்துக்கொண்டால், மண்ணில் அவருக்கு மேலே யாரும் இல்லை என்பதும் அதனுள் அடக்கம். இஸ்லாமிய அரசின் தலைவரான கலீபா, போப்பாண்டவர், தம் நாட்டுப் படைத்தலைவர்கள் ஆகிய மூவரோடும் ஜஸ்டினியன் உரசிக்கொண்டிருந்த ஆண்டுகளில் இந்தக் காசு வெளிவந்தது என்பதை மறக்கக் கூடாது.

ஏன் அந்த ஆண்டுகளில்?

ஹெராக்ளியஸ் மரபின் ஐந்தாம் தலைமுறை ஜஸ்டினியன். முப்பாட்டன் ஹெராக்ளியஸ் பாரசீகரை வென்று எருசலேமின் சிலுவையை மீட்டவர். அதே ஹெராக்ளியஸின் காலத்திலேயே சிரியா அரபுகளிடம் போனது, எகிப்தும் போகத் தொடங்கியது. இழந்த பெருமையை மீட்கும் ஆவல் இந்த இளைஞரின் ஒவ்வொரு செயலிலும் தெரிகிறது. காசில் நேர்ந்த மாற்றத்துக்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன.

1. திருச்சபைச் சங்கம். 691–692-இல் ஜஸ்டினியன் தம் அரண்மனையின் குவிமாட மண்டபத்தில் ஆயர்களைக் கூட்டினார். அங்கே 102 விதிகள் இயற்றப்பட்டன. 82-ஆம் விதி, கிறிஸ்துவை இனி ஆட்டுக்குட்டியாகக் குறியீட்டில் காட்டாமல் மனித உருவிலேயே காட்ட வேண்டும் என்று ஆணையிடுகிறது. 73-ஆம் விதி, காலில் மிதிபடும் என்பதால் தரையில் சிலுவை வரையக் கூடாது என்கிறது. கிறிஸ்து உண்மையாகவே மனிதராக வாழ்ந்தார் என்ற கொள்கையை உருவத்தின் வழியே நிலைநாட்டுவது 82-ஆம் விதியின் நோக்கம். காசிலுள்ள முகம் அந்த விதியை அப்படியே செயல்படுத்துவது போல இருக்கிறது.

2. கலீபாவுடன் போட்டி. திமிஷ்கில் (டமாஸ்கஸில்) ஆண்ட உமையா மரபுக் கலீபா அப்துல் மலிக்கும் ஏறத்தாழ இதே ஆண்டுகளில் தம் காசை மாற்றினார். இதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

3. உள்நாட்டு அதிகாரம். சங்கத்தின் ஏட்டில் ஆயர்களுக்கெல்லாம் முன்னதாகப் பேரரசரே கையொப்பம் இட்டார். ரோமிலிருந்த போப் செர்ஜியஸ் ஒப்பமிடுவதற்கு இடம் விடப்பட்டது; அவர் மறுத்தார். அவரைக் கைதுசெய்ய ஜஸ்டினியன் அனுப்பிய அதிகாரி சகரியாஸை இத்தாலியப் படைவீரர்களே எதிர்த்தார்கள். அவர் உயிருக்கு அஞ்சிப் போப்பின் கட்டிலுக்கு அடியில் ஒளிந்ததாகப் போப்புகளின் வரலாற்று ஏடு சொல்கிறது. திருச்சபையின் மீது தமக்கும் பொறுப்பு உண்டு என்று நம்பிய பேரரசர், அந்த நம்பிக்கையை ஊர் ஊராகப் போகும் காசில் எழுதியதில் வியப்பில்லை.

என் மதிப்பீட்டில், இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பது தவறான அணுகுமுறை. ஒரே கை சங்கத்தைக் கூட்டியது, போரைத் தொடங்கியது, அக்கசாலைக்கு ஆணையும் அனுப்பியது. மூன்றும் ஒரே மனநிலையின் விளைவுகள்.

பொன்னும் போரும்: கலீபாவின் பக்கம்

அரபுகள் சிரியாவையும் எகிப்தையும் வென்ற பிறகும் அங்கே புழங்கிய பொற்காசு ரோமரின் சொலிடஸ்தான். வென்றவர் ஒருவர், காசின் முகம் வேறொருவர் என்ற இந்த நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. இது எவ்வளவு விந்தையான ஏற்பாடு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்: திமிஷ்கில் வரி கட்டும் ஒருவர், பகை நாட்டுப் பேரரசரின் முகமும் சிலுவையும் பொறித்த காசைக் கலீபாவின் அதிகாரியிடம் எண்ணிக் கொடுத்தார்.

அப்துல் மலிக் 685-இல் கலீபா ஆனபோது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மெக்காவில் இப்னு அல்-ஸுபைர் மாற்றுக் கலீபாவாக இருந்தார். ஆகவே வடக்கு எல்லையில் அமைதியை விலைகொடுத்து வாங்கினார். 688 வாக்கில் ஜஸ்டினியனோடு புதுப்பித்த உடன்படிக்கையின்படி அவர் நாளொன்றுக்கு 1,000 பொற்காசுகளும் ஒரு குதிரையும் ஓர் அடிமையும் தர ஒப்புக்கொண்டதாக ரோமர் தரப்பு வரலாற்றாசிரியர் தியோபானிஸின் ஏடு சொல்கிறது. முழுதும் செலுத்தப்பட்டிருந்தால் ஆண்டுக்கு 3,65,000 காசுகள். ஏறத்தாழ 1,600 கிலோ பொன். சைப்ரஸ் தீவின் வரியை இரு அரசுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளவும் அதே உடன்படிக்கை வழிசெய்தது.

692-இல் மெக்கா வீழ்ந்து உள்நாட்டுப் போர் முடிந்தது. அமைதிக்கு விலை கொடுக்க வேண்டிய தேவை கலீபாவுக்கு இல்லாமல் போனது. அதையொட்டிய நாட்களில், கப்பமாக வந்த காசு ரோம அச்சில் இல்லாமல் புதிய அரபு அச்சில் இருந்ததால் ஜஸ்டினியன் ஏற்க மறுத்தார் என்கிறார் தியோபானிஸ். எடை குறையவில்லை, ரோமர்களுக்கு நட்டமில்லை, அரபுகள் தம் காசில் ரோமர் முத்திரையை இனிப் பொறுக்க மாட்டார்கள் என்பது கலீபாவின் மறுமொழி. பொன்னின் கணக்கில் கலீபா சொன்னது சரி. ஆனால் ஜஸ்டினியனின் சிக்கல் எடையில் இல்லை. பொன்னில் முகம் பொறிக்கும் தனியுரிமை பறிபோனதில் இருந்தது.

போர் மூண்டது. ஆசியா மைனரின் செபாஸ்டோபொலிஸ் என்ற இடத்தில், மீறப்பட்ட உடன்படிக்கை ஏட்டையே ஈட்டியில் தூக்கிக்கொண்டு அரபுப் படை முன்னேறியதாகச் சொல்கிறார்கள். ஜஸ்டினியன் பால்கனிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய ஸ்லாவியரில் திரட்டிய படையில் பெரும்பகுதி எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ரோமர் தோற்றார்கள்.

அரபு எழுத்தாளர் அல்-பலாதுரி இதே பூசலை வேறு முனையிலிருந்து சொல்கிறார். எகிப்திலிருந்து ரோம நாட்டுக்கு ஏற்றுமதியான பாப்பிரஸ் தாள்களின் தலைப்பில் முன்பு கிறிஸ்தவ வாசகம் இருந்தது. அப்துல் மலிக் அதை நீக்கி, இறைவன் ஒருவனே என்ற வாசகத்தை இடச் செய்தார். சினந்த பேரரசர், அதை நிறுத்தாவிட்டால் உங்கள் நபியைப் பற்றி இழிவான சொற்களை எங்கள் காசில் பொறிப்போம் என்று எழுதினார். அப்படியானால் அவர்களுடைய காசைத் தடைசெய்து நாமே காசு அடிப்போம் என்று கலீபாவுக்கு அறிவுரை கிடைத்தது. இரு கதைகளும் விவரத்தில் வேறுபட்டாலும் இரண்டிலும் சண்டை எழுத்தைப் பற்றியதாக இருக்கிறது.

கலீபாவின் காசு மாறிய படிகள்

அப்துல் மலிக்கின் பொற்காசு சில ஆண்டுகளுக்குள் மூன்று நிலைகளைக் கடந்தது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ரோம அச்சிலிருந்து விலகிச் செல்கிறது.

1. ஹெராக்ளியஸும் இரு மகன்களும் நிற்கும் பழைய சொலிடஸின் நகல். ஆனால் மகுடங்களில் இருந்த சிலுவைகள் இல்லை. பின்புறத்தில் படிமேல் நின்ற சிலுவையின் குறுக்குக் கரங்கள் நீக்கப்பட்டு வெறும் கம்பம் மிஞ்சுகிறது. சுற்றிலும் அரபு எழுத்தில் இஸ்லாமிய நம்பிக்கை வாசகம்.

2. ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டுக் கணக்கில் 74 முதல் 77 வரை, அதாவது 693 முதல் 697 வரையிலான ஆண்டுகளில், நீண்ட அங்கியோடும் வாளோடும் நிற்கும் கலீபாவின் உருவம். ஜஸ்டினியன் காசின் நிற்கும் பேரரசருக்கு நேர் மறுமொழியாக இதைப் பலர் கருதுகிறார்கள். ஒருவர் கையில் சிலுவை, மற்றவர் கையில் வாளுறை.

3. ஹிஜ்ரி 77-இல் உருவமே இல்லாத தினார். இரு பக்கமும் எழுத்து மட்டும். இறைவன் ஒருவன், அவன் யாரையும் பெறவுமில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்ற குர்ஆன் வசனம் அதில் இருக்கிறது. எடையும் சொலிடஸிலிருந்து பிரிந்து 4.25 கிராம் என்று நிலைபெற்றது.

எருசலேமில் அப்துல் மலிக் எழுப்பிய பாறைக் குவிமாடத்தின் கல்வெட்டு ஹிஜ்ரி 72 என்ற ஆண்டைத் தாங்கியிருக்கிறது. அது 691–692, ஜஸ்டினியனின் சங்கம் கூடிய அதே காலம். மரியமின் மகன் ஈசா (இயேசு) இறைவனின் தூதர், இறைவனை ‘மூன்று’ என்று சொல்லாதீர்கள் என்கிறது அந்தக் கல்வெட்டு. ஒரு தலைநகரில் கிறிஸ்துவை மனித உருவில் வரையுங்கள் என்று விதி எழுதப்படும்போது, மற்றொரு நகரில் அவர் யார் என்பதற்கான மாற்று விடை மொசைக் பதிப்பில் பொன்னெழுத்தாக மின்னுகிறது. காசுகள் அந்த விவாதத்தின் தொடர்ச்சி. உருவத்தை முன்னிறுத்திய காசு ஒரு பக்கம், உருவத்தை முற்றிலும் கைவிட்ட காசு மறுபக்கம் என்று, ஒரே காசை நூற்றாண்டுகளாக ஏற்றுப் பழகிய சந்தை இந்தப் பத்தாண்டில் இரண்டாகப் பிரிந்தது.

மூக்கறுபட்ட பேரரசர்

கிறிஸ்து முகக் காசு முதல் முறை புழங்கியது ஏறத்தாழ மூன்றே ஆண்டுகள். போருக்கும் கட்டடங்களுக்கும் பணம் திரட்ட ஜஸ்டினியன் நியமித்த இருவரை மக்கள் வெறுத்தார்கள்: கருவூல அதிகாரி பாரசீகர் ஸ்டீபன், வரி அதிகாரி தியோடோடோஸ் என்ற முன்னாள் துறவி. 695-இல் படைத்தலைவர் லியோண்டியஸ் கிளர்ந்தெழுந்து ஆட்சியைப் பிடித்தபோது, அந்த இருவரையும் கூட்டம் தெருவில் இழுத்துச் சென்று எரித்தது. ஜஸ்டினியனின் மூக்கு அறுக்கப்பட்டது.

மூக்கறுபடுதல் என்றால் தமிழில் மானமிழத்தல். அங்கே அதற்கு ஓர் அரசியல் பொருளும் இருந்தது: உடலில் ஊனம் உள்ளவர் பேரரசராக இருக்க முடியாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. கொல்லாமல், மீண்டும் வரவும் முடியாமல் செய்யும் வழி அது. கருங்கடலின் வடகரையிலுள்ள கெர்சோனுக்கு அவரை நாடுகடத்தினார்கள். லியோண்டியஸ் கிறிஸ்துவின் உருவத்தைக் காசிலிருந்து நீக்கி, பழையபடி தம் முகத்தை முன்னால் வைத்தார். 698-இல் அவரையும் வீழ்த்தி மூக்கறுத்து ஆட்சிக்கு வந்த மூன்றாம் திபேரியஸும் அப்படியே செய்தார்.

ஆனால் ஜஸ்டினியன் திரும்பி வந்தார். கெர்சோனிலிருந்து கஸார் என்ற இனத்தாரிடம் தப்பிச் சென்று, ககான் எனப்படும் அவர்களுடைய மன்னரின் சகோதரியை மணந்தார். அவருக்குத் தியோடோரா என்று பெயர் சூட்டப்பட்டது. கான்ஸ்டான்டிநோபிள் கொடுத்த விலைக்கு ககான் அவரைக் காட்டிக்கொடுக்கத் துணிந்தபோது, தியோடோராவே கணவரை எச்சரித்தார். ஒரு சிறு படகில் தப்பிக் கருங்கடலில் போகையில் புயல் அடித்தது. பிழைத்தால் பகைவரை மன்னிப்பதாக இறைவனிடம் சொல்லுங்கள் என்று உடனிருந்தவர் வேண்ட, ஒருவரையேனும் மன்னிப்பதாக இருந்தால் இங்கேயே என்னை மூழ்கடிக்கட்டும் என்றாராம். பல்கர் தலைவர் தெர்வெலின் குதிரைப் படையோடு 705-இல் நகர மதிலுக்கு வந்து, வாயில் திறக்காததால் நீர்க் கால்வாய்க் குழாய் வழியே சிலரோடு உள்ளே புகுந்து அரியணையை மீட்டார். அடுத்த ஆண்டு, தம் இரு எதிரிகளையும் பந்தயத் திடலில் கிடத்தி அவர்களுடைய கழுத்தில் கால் வைத்து அமர்ந்தபோது, சிங்கத்தையும் பாம்பையும் மிதித்தாய் என்ற சங்கீத வரியைக் கூட்டம் முழங்கியது. லியோண்டியஸ் என்ற பெயர் சிங்கத்தையும், திபேரியஸின் இயற்பெயரான அப்சிமார் கிரேக்கத்தில் நச்சுப் பாம்பின் பெயரையும் ஒலிக்கும். பிறகு இருவரும் கொல்லப்பட்டார்கள்.

இரண்டாம் ஆட்சியின் காசு: வேறொரு முகம்

ஆட்சி மீண்டதும் கிறிஸ்துவும் முகப்புக்கு மீண்டார். ஆனால் அதே முகம் இல்லை. முதல் ஆட்சிக் காசையும் இரண்டாம் ஆட்சிக் காசையும் வேறுபடுத்த இந்த அடையாளங்கள் போதும்.

1. முதல் வகையில் நீண்ட முடி, அடர்ந்த தாடி. இரண்டாம் வகையில் சுருண்ட குட்டை முடி, மெல்லிய தாடி, இளமையான ஒடுங்கிய முகம்.

2. முதல் வகையின் பின்புறத்தில் பேரரசர் முழு உருவமாக நிற்கிறார். ‘கிறிஸ்துவின் அடியான்’ என்ற எழுத்து இருக்கிறது. இரண்டாம் வகையில் அவர் மார்பளவு உருவம். கையிலுள்ள கோளத்தில் ‘அமைதி’ என்று பொருள்படும் ‘பாக்ஸ்’ என்ற சொல்; சுற்றிலும் அவருக்குப் பல்லாண்டு வாழ்த்து.

3. சிறிது காலத்துக்குப் பின் வந்த காசுகளில் அவரோடு தியோடோரா பெற்ற சிறுவன் திபேரியஸும் சேர்ந்து சிலுவையைப் பிடித்திருக்கிறான்.

முகம் மாறியதற்கு ஒரு பின்னணி உண்டு. கிறிஸ்து எப்படி இருந்தார் என்பதில் அக்காலக் கிறிஸ்தவர்களிடையே இரு மரபுகள் இருந்தன. நீண்ட முடி, தாடி மரபு கிரேக்கரின் பழைய தெய்வம் சேயுஸின் தோற்றத்தை ஒத்தது. சீனாய் மலைத் துறவியர் மடத்தில் இன்றும் இருக்கும் 6-ஆம் நூற்றாண்டுத் திருவுருவப் படம் இதற்குச் சிறந்த சான்று. மற்றொன்று சுருள்முடி மரபு. கிறிஸ்துவைச் சேயுஸ் போல வரைந்த ஓவியரின் கை வாடிப்போனதாகவும், பின்பு ஆயரின் வேண்டுதலால் குணமானதாகவும் 6-ஆம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் தியோடோர் ஒரு கதை சொல்லி, குட்டையான சுருள்முடித் தோற்றமே உண்மைக்கு நெருக்கமானது என்கிறார். ஒரே பேரரசர் இரு மரபுகளையும் காசில் ஏற்றியிருக்கிறார்.

காசில் ஜஸ்டினியனின் மூக்கு முழுதாகவே இருக்கிறது. அவர் பொன்னால் செய்த மூக்கை அணிந்திருந்தார் என்று 9-ஆம் நூற்றாண்டில் ராவென்னாவின் அக்னெல்லஸ் எழுதினார். வெனிஸ் நகரப் புனித மாற்கு ஆலயத்தின் வெளிமாடத்தில் உள்ள, மூக்கு சிதைந்த செந்நிறக் கல் தலை ஒன்றை இவருடையது என்று சொல்பவர்களும் உண்டு. அச்சு செதுக்கியவர்களோ பேரரசர் என்ற பதவியின் முகத்தைத்தான் வரைந்தார்கள். அந்தப் பதவிக்கு ஊனம் கிடையாது. மூக்கறுத்தும் ஒருவர் திரும்பி வந்து ஆண்டுவிட்டார் என்பதைக் கண்ட பிற்கால ஆட்சிக் கவிழ்ப்புகளில், பதவி இழந்தவர்களின் கண்ணைப் பறிப்பதே வழக்கமானது.

அதன் பிறகு

தம்மை மோசமாக நடத்திய கெர்சோன் மீது ஜஸ்டினியன் அடுத்தடுத்துப் படை அனுப்பினார். 711-இல் அந்தப் படையே திரும்பி, பர்தானிஸ் என்பவரைப் பிலிப்பிகோஸ் என்ற பெயரில் பேரரசராக்கியது. ஜஸ்டினியன் கொல்லப்பட்டார், அவருடைய தலை இத்தாலிக்கு அனுப்பப்பட்டு ஊராருக்குக் காட்டப்பட்டது. காசில் சிலுவையைப் பிடித்திருந்த சிறுவன் திபேரியஸுக்கு அப்போது ஏறத்தாழ ஆறு வயது. பிளாக்கெர்னே ஆலயத்தின் பலிபீடத்தைக் கட்டிப் பிடித்திருந்தவனை இழுத்து வந்து கொன்றார்கள். ஐந்து தலைமுறை கண்ட ஹெராக்ளியஸ் மரபு அங்கே முடிந்தது.

பிலிப்பிகோஸின் காசில் மீண்டும் பேரரசரின் முகம் முன்னால் வந்தது. அடுத்து, திருவுருவங்களை வணங்கலாமா கூடாதா என்ற சண்டை பேரரசைப் பல பத்தாண்டுகள் உலுக்கியது. ஜஸ்டினியன் சங்கத்தின் 82-ஆம் விதியை உருவ ஆதரவாளர்கள் தம் வாதத்துக்குச் சான்றாக எடுத்துக் காட்டினார்கள். 843-இல் உருவ வணக்கம் வென்றது. குழந்தைப் பேரரசர் மூன்றாம் மிக்கேலின் பொற்காசில், 132 ஆண்டுகளுக்குப் பிறகு கிறிஸ்து முகப்புக்கு வந்தார். அந்த முகம் நீண்ட முடியும் நிறைந்த தாடியும் கொண்ட, ஜஸ்டினியனின் முதல் ஆட்சி முகம். கைவிரல்களின் அமைப்பும் நூலைப் பிடித்த விதமும் பழைய காசை அவ்வளவு ஒத்திருப்பதால், அக்கசாலையின் செதுக்குநர் அதையே முன்மாதிரியாகக் கொண்டார் என்பது பொதுவான கருத்து.